வெள்ளைப் பூப் பூக்கும் கத்தரிக் குடும்பத்துச் செடிகளைப் பிரித்தறிவது எப்படி?



இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழு ஆசிரியர்கள் கேட்டபொழுது, ஒழுக்கம், நேரந்தவறாமை, நூலகத்தின் பயன் என்னும் மூன்று தலைப்புகளையும் தாளில் எழுதியே கொண்டு வந்தனர். அவை மூன்றைப் பற்றியும் முன்னைய மலர்களில் எழுதிவிட்டேன். இம்முறை நம் லயத்து வேலியோரங்களிலும் கோயிலைச் சுற்றியும் வாய்க்கால் கரையிலும் தாமாக முளைத்து நிற்கும் சில செடிகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்குதல் முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றியபொழுது, நான்காம் ஆண்டு மாணவர்களை அறிவியல் பாடத்திற்காகத் திடலோரம் அழைத்துச் சென்றேன். அங்கே மணத்தக்காளிச் செடியொன்று நின்றது. அதனைக் காட்டி, "இது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது, பூ வெள்ளை நிறம், ஐந்து முனை உண்டு, இதன் கீரையை வாய்ப்புண்ணுக்கு நம் பெரியோர் சமைத்துக் கொடுப்பர்" என்று கூறினேன். மணி அடித்தது. பாடமும் அவ்வளவில் முடிந்தது.

அவ்வகுப்பில் ஒரு மாணவியின் பாட்டிக்கு அச்சமயம் வாய்ப்புண். பிள்ளை வீடு திரும்பும் வழியில் கோயிலுக்குப் பின்புறம் வெள்ளைப் பூப் பூத்திருந்த செடியொன்றைக் கண்டு, அதன் இளந்தளிர்களை மடி நிறையப் பறித்துச் சென்றாள். பாட்டிக்குக் கண் பார்வை மங்கல். பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கடைந்து, இருவரும் இரவு உண்டனர். கசப்பாக இருந்ததால் பிள்ளை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள். பாட்டியோ மருந்தென்று எண்ணி முழுவதையும் உண்டார்.

ஒரு மணி நேரம் கழியவில்லை. பாட்டியின் முகம் சிவந்தது, நா வறண்டு ஒட்டிக்கொண்டது, பேச்சுக் குழறியது. பிறகு எழுந்து நின்று, காற்றில் கை நீட்டி எதையோ எடுத்து எடுத்துத் துடைத்துக் கவிழ்க்கத் தொடங்கினார். அருகிலிருந்தவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர்தாம் கண்டறிந்து சொன்னார்: அவர் பால் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அத்தோட்டத்தின் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இல்லாத மரங்களினிடையே நின்று அவ்வம்மையார் தம் பழைய நிரையை முடித்துக்கொண்டிருந்தார். சிலர் காற்றுக் கருப்பு என்று திருநீறு எடுக்க ஓடினர். நல்ல வேளையாக, உந்துவண்டி வைத்திருந்த இளைஞர் ஒருவர் காலம் கடத்தாமல் இருவரையும் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். பிள்ளையின் தாயார் மீதமிருந்த கீரையையும், குப்பையில் எறிந்த தண்டுகளையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் சென்றார். அப்பையைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவர் அறிந்துகொண்டார். அது மணத்தக்காளியன்று, ஊமத்தை.

இருவரும் பிழைத்தனர். பாட்டி மூன்றாம் நாள் தெளிந்தார். பிள்ளை மறுநாளே எழுந்துவிட்டாள். ஆயினும் கண்மணி விரிந்தே இருந்ததால் சில நாள் வரை புத்தகத்தின் எழுத்துகள் அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் அவளை அழைத்து, எப்படி அச்செடியை மணத்தக்காளி என்று கொண்டாய் என வினவினேன். "வெள்ளைப் பூதானே ஐயா. ஐந்து முனையும் எண்ணிப் பார்த்தேன். பூ மட்டும் பெரிதாக இருந்தது. நன்றாக வளர்ந்த மணத்தக்காளி என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள்.

அவள் கூற்றில் பிழை காண முடியவில்லை. நான் சொன்ன அடையாளம் அனைத்தும் அச்செடியில் இருந்தன. ஊமத்தையும் கத்தரிக் குடும்பமே. அதன் பூவும் வெள்ளையே. அதற்கும் ஐந்து முனை உண்டு. நான் சொன்னவை பொய்யல்ல, போதாதவை. அன்று சொல்லத் தவறியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கத்தரிக் குடும்பம் பெரியது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை யாவும் இக்குடும்பத்தவை. ஒரே குடும்பத்தில் உணவும் உண்டு, நஞ்சும் உண்டு. உருளைக்கிழங்கின் கிழங்கு உணவு. ஆனால் வெயில் பட்டுப் பச்சை பிடித்த கிழங்கில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் கூடிவிடும். ஆதலால் "இது கத்தரிக் குடும்பம்" என்று தெரிந்துகொள்வதனால் மட்டும் உண்ணலாமா கூடாதா என்று முடிவு செய்ய இயலாது. செடியின் இனத்தை அறிதல் வேண்டும்.

பூவின் நிறமும் அவ்வளவு துணை செய்யாது. நாம் நன்கறிந்த கத்தரியும் தூதுவளையும் கண்டங்கத்தரியும் ஊதா நிறத்தில் பூப்பன, தக்காளி மஞ்சள். வெள்ளையாகப் பூப்பனவற்றுள் நம் தோட்டங்களில் கண்ணில் படுபவை மணத்தக்காளி, சுண்டை, ஊமத்தை, மிளகாய் என்பன. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் மணத்தக்காளி. இடுப்பளவு உயரம் வரை வளரும் மென்மையான செடி. முள் இல்லை. இலை மெல்லியது, முட்டை வடிவினது, பெரும்பாலும் விரல் நீளத்தை மிஞ்சாது. இதன் பூ மிகச் சிறியது. விரித்து வைத்தாலும் ஒரு சென்டிமீட்டர் அகலம் வராது. ஐந்து இதழ்களும் விண்மீன் போல் விரிந்து, சில வேளை பின்னோக்கி வளைந்திருக்கும். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஐந்து மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பு போல் நிற்கும். இந்த மஞ்சள் கூம்பை மறவாதீர்கள். பூக்கள் தனித்துப் பூப்பதில்லை. ஒரு காம்பின் நுனியிலிருந்து குடைக்கம்பிகள் போலப் பிரிந்து, நாலைந்தாகத் தொங்கும். அக்காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் உற்று நோக்க வேண்டும். பெரும்பாலான செடிகளில் இலைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள கக்கத்திலிருந்து பூக்காம்பு வரும். மணத்தக்காளியில் அவ்வாறன்றி, இரண்டு இலைகளுக்கு நடுவே வெறுந்தண்டிலிருந்து வரும். ஒரு முறை பார்த்தால் பிறகு மறக்காது.

காய் பச்சைப் பட்டாணியைவிடச் சிறியது. பழுத்தால் பளபளக்கும் கருமை நிறம் பெறும். பழத்தின் தலைப்பில் இருக்கும் சிறிய பச்சைப் புல்லி இதழ்கள் பழத்தை விட்டு விலகி மேல்நோக்கி மடிந்திருக்கும். பழம் இனிக்கும். ஆனால் பச்சைக் காயில் சோலனின் உண்டு. ஆகவே செடியிலிருந்து பறித்துப் பச்சையாக உண்ணலாகாது. மாணவர்கள் விளையாட்டாகப் பழத்தையும் காயையும் கலந்து வாயில் போட்டுக்கொள்வதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

இச்செடியின் அறிவியற் பெயர் பற்றி ஒரு சொல். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபொழுது எங்கள் குறிப்பேட்டில் சோலானம் நைக்ரம் என்று எழுதினோம். அது 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இட்ட பெயர். ஆனால் நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் பரவலாக வளர்வது அதன் நெருங்கிய உறவான சோலானம் அமெரிக்கானம். இப்பெயரை 1768ஆம் ஆண்டில் இலண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த பிலிப் மில்லர் இட்டார். இரண்டிற்கும் உருவ வேறுபாடு சிறிதே. அமெரிக்கானத்தின் பழம் பளபளக்கும். நைக்ரத்தின் பழம் மங்கலான கருமை. அமெரிக்கானத்தின் பழக்காம்புகள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்து பிரியும். நைக்ரத்தில் அவை சற்று முன்பின்னாக, படிக்கட்டுபோல் பிரியும். அணுவினுள்ளே பார்த்தால் வேறுபாடு பெரிது: முன்னதற்கு இனக்கீற்றுகள் 24, பின்னதற்கு 72. தமிழ்நாட்டில் சிவப்பாகப் பழுக்கும் மணத்தக்காளியும் உண்டு. இவையெல்லாம் ஒரே குழுவைச் சேர்ந்த உடன்பிறப்புகள். இவற்றை ஒன்றோடொன்று மாற்றிக் கொள்வதால் பெரும் கேடு விளையாது; தாவரவியல் மாணவருக்குத்தான் மதிப்பெண் குறையும்.

அடுத்துச் சுண்டை. இதனை அறியாத தமிழ் வீடு இராது. மலாய்க்காரர் இதனைத் தெரோங் பிப்பிட் என்பர். சிட்டுக்குருவிக் கத்தரி என்று பொருள். இது செடியன்று, புதர். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். தண்டில் ஆங்காங்கே குட்டையான முள் இருக்கும். இலை அகன்றது, ஓரம் நெளிந்து மடல் மடலாக இருக்கும், தடவினால் கம்பளித் துணி போல் மெத்தென்றிருக்கும். பூ மணத்தக்காளியைப் போன்றதே, ஆனால் இரு மடங்குக்கும் மேல் பெரிது, கொத்தும் நெருக்கமானது. நடுவில் அதே மஞ்சள் கூம்பு. காய் கொத்துக் கொத்தாக, உருண்டையாக, கெட்டியாக இருக்கும், பழுத்தாலும் கருக்காது. உள்ளே சதை குறைவு, விதை மிகுதி. வற்றல் போடும் தாய்மார்களுக்கு இதற்கு மேல் நான் எழுதினால் அவர்கள் சிரிப்பர்.

சுண்டையின் தாயகம் வெப்ப அமெரிக்கா. நம் ஊரில் அது காட்டுச் செடியாகவே பரவிவிட்டது. இதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் பள்ளித் தோட்டத்தில் கத்தரி நட்டால் திடீரென ஒரு நாள் நண்பகலில் செடி முழுவதும் துவண்டு, மறுநாள் மடிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மண்ணிலுள்ள நுண்ணுயிரால் வரும் வாடல் நோய். சுண்டையின் வேர் அந்நோயைத் தாங்கும். ஆகவே சுண்டை நாற்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, அதில் கத்தரிக் கிளையை ஆப்புப் போல் சீவிச் செருகிக் கட்டி, நிழலில் வைத்துக் காப்பாற்றினால், கீழே சுண்டை, மேலே கத்தரி என்று செடி வளரும். ஒரே குடும்பம் என்பதால்தான் இவ்வொட்டு ஒட்டிக்கொள்கிறது. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்கள் பத்துச் செடிகளை இவ்வாறு ஒட்டினர். நான்கு பிழைத்தன; அந்நான்கும் பள்ளி முடியும் நாள்வரை காய்த்தன. மடிந்த ஆறும் கட்டு இறுகாததால் மடிந்தவை.

மணத்தக்காளி, சுண்டை ஆகியவற்றின் மஞ்சள் கூம்பில் ஒரு வியப்பு அடங்கியுள்ளது. பிற பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் தூளைக் கொட்டும். இவற்றிலோ பையின் நுனியில் உப்புக் குப்பியின் மூடியைப் போல் சிறு துளைகள் மட்டுமே உண்டு. குப்பியைக் குலுக்கினால்தான் உப்பு விழும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே தன் உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்வில் மகரந்தம் துளை வழியே கொட்டும். காலையில் சுண்டைப் புதரருகே நின்றால், வண்டு பறக்கும்போது ஓர் ஒலியும், பூவில் அமர்ந்து குலுக்கும்போது அதைவிடக் கூர்மையான வேறோர் ஒலியும் கேட்கும். தேனீக்கு இவ்வித்தை வராது. மணத்தக்காளிக்கோ வண்டு வராவிட்டாலும் கவலையில்லை. தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும்.

இனி ஊமத்தை. இக்கட்டுரை எழுதப்பட்டதே இதற்காகத்தான்.

ஊமத்தை என்னும் பெயரே உன்மத்தம் என்ற வடசொல்லின் வழி வந்தது. பித்து என்று பொருள். மலாய் மொழியில் கெச்சுபோங் என்பர். ஊதா நிற மணிக்கல் ஒன்றிற்கும் மலாயில் அதே பெயர் உண்டு. சிவபெருமானுக்கு உகந்த மலர் என்பதால் நம்மவர் கோயிலருகே இதனை வளர்ப்பர். அதில் குற்றமில்லை. ஆனால் விதை சிதறிக் கோயிலுக்குப் பின்னாலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைத்த கன்றுகளைக் கவனிப்பார் இல்லை.

பூ பூத்திருந்தால் ஊமத்தையை அறிவது மிக எளிது. பூ ஏறத்தாழ ஒரு சாண் நீளம். நாதசுரத்தின் அனசு போல் வாய் விரிந்தது. மணத்தக்காளியின் இதழ்கள் அடிவரை பிரிந்து விண்மீனாகும். ஊமத்தையின் இதழ்களோ ஒன்றாக இணைந்து குழலாகி, விளிம்பில் மட்டும் ஐந்து முனை காட்டும். என் மாணவி எண்ணிய ஐந்து முனை இதுவே. கொத்தாகப் பூக்காது, கிளை இரண்டாகப் பிரியும் கவையில் ஒவ்வொரு பூவாக, மேல்நோக்கியோ சாய்ந்தோ நிற்கும். வெளியில் தெரியும் மஞ்சள் கூம்பு கிடையாது. அந்தியில் விரிந்து இரவில் மணக்கும். அந்துப்பூச்சிகள் தேடி வரும். காய் எலுமிச்சம்பழ அளவில் உருண்டு, முள்ளும் முண்டுமாகத் தலைகுனிந்து தொங்கும். காயின் அடியில், உதிர்ந்த புல்லியின் அடிப்பகுதி ஒரு சிறு சட்டைக் கழுத்துப் பட்டை போல் எஞ்சியிருக்கும்.

பூ இல்லாத இளஞ்செடியில்தான் ஏமாற்றம் நிகழ்கிறது. கீரை பறிப்போர் தேடுவதும் இளஞ்செடியைத்தான். ஆகவே இலையின் அடையாளங்களைப் பெற்றோர் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். ஊமத்தை இலை பெரிது. வளர்ந்த இலை உள்ளங்கையை மூடிவிடும். இலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். காம்பின் இருபுறமும் இலை சமமாகத் தொடங்காது. ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாக ஏறுமாறாகச் சேரும். தண்டு பருத்தது; பெரும்பாலும் கருஞ்சிவப்பு சாயல் கொண்டது. இலையைக் கசக்கி முகர்ந்தால் குமட்டும் தீய நாற்றம் வரும். மணத்தக்காளி இலையைக் கசக்கினால் வெறும் பச்சிலை வாடைதான் வரும். கசக்கிய கையை உடனே கழுவிவிட வேண்டும், கண்ணைத் தொடக்கூடாது. ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும்.

ஆயினும் சமமற்ற இலையடியை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். சுண்டை இலையின் அடியும் சில வேளைகளில் சமமற்றிருக்கும். ஆனால் சுண்டையில் முள்ளும் மெத்தென்ற மயிரும் உண்டு; ஊமத்தைத் தண்டில் முள் கிடையாது. ஓர் அடையாளத்தை நம்பி ஏமாந்தவன் நான் என்பதால் இதனை வற்புறுத்துகிறேன். மூன்று அடையாளமாவது ஒத்து வரவேண்டும். ஐயமிருப்பின் பூப்பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் கீரை முற்றிவிடும் என்பர் சிலர். முற்றட்டும்.

விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊமத்தை விதை பார்வைக்கு மிளகாய் விதை போன்றது. முற்காலத்தில் இந்தியாவில் வழிப்பறிக் கள்வர் இவ்விதையை உணவில் கலந்து பயணிகளை மயக்கிப் பொருள் கவர்ந்தனர். அதனால் நீதிமன்ற மருத்துவ நூல்கள் இவ்விரு விதைகளையும் வேறுபடுத்தும் முறையை விரிவாகக் கூறுகின்றன. மிளகாய் விதை வெளிர்மஞ்சள், தட்டையானது, வழவழப்பானது, கடித்தால் காரம். ஊமத்தை விதை பழுப்பு, தடித்தது, மேற்பரப்பில் நுண்குழிகள் உண்டு, வளைந்த ஓரத்தில் இரட்டை வரம்பு தெரியும். கடித்துப் பார்க்கும் சோதனையை எவரும் செய்யவேண்டாம்.

இந்நஞ்சு யாது? அட்ரோப்பின், ஹையோசயமின், ஸ்கோபோலமின் என்னும் மூன்று பொருள்கள் ஊமத்தையின் வேர் முதல் விதை வரை எல்லா உறுப்பிலும் உள்ளன. கொதிக்க வைப்பதாலும் அவை நீங்குவதில்லை. நம் உடலில் எச்சில், வியர்வை, கண்மணியின் சுருக்கம், குடலின் அசைவு ஆகியவற்றை நடத்தும் நரம்புச் செய்தியை அவை தடுத்துவிடுகின்றன. அதனால் வாய் வறளும், தோல் காய்ந்து சிவக்கும், உடல் கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், கண்மணி விரியும், மூளை இல்லாததைக் காணும். கண்மருத்துவர் கண்ணைச் சோதிக்கும்முன் கண்மணியை விரிக்க இடும் சொட்டு மருந்து சிலவற்றில் இதே அட்ரோப்பின் அளவோடு பயன்படுகிறது.

கீரையென்று ஏமாந்தவர் நாம் மட்டுமல்லர். 1676ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்தில், கலகத்தை அடக்கச் சென்ற ஆங்கிலேயப் படைவீரர் சிலர் வெள்ளூமத்தையின் உறவான செடியொன்றின் இலையைச் சமைத்து உண்டனர். பதினொரு நாள் பித்தர்களாகத் திரிந்தனர். ஒருவர் இறகொன்றைக் காற்றில் ஊதிக்கொண்டிருந்தாராம். தெளிந்தபின் எவருக்கும் எதுவும் நினைவில்லை. அவ்வூரின் பெயரே திரிந்து அச்செடிக்கு ஆங்கிலத்தில் ஜிம்சன் களை என வழங்குகிறது. இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைகளில் விற்ற பசலைக்கீரைப் பொட்டலங்களில் இதே களையின் இலை கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இயந்திரம் கொண்டு அறுவடை செய்யும் பெரும் பண்ணையிலேயே அப்படியென்றால், கண் மங்கிய பாட்டியைக் குறை கூறுவதற்கில்லை.

அந்த ஜிம்சன் களையின் காய் நம் ஊமத்தைக் காயைப் போல் தொங்காது, நிமிர்ந்து நிற்கும், பழுத்தால் நான்காக ஒழுங்காக வெடிக்கும். நம் ஊமத்தைக் காய் ஒழுங்கின்றி உடையும். கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் வீட்டுத் தோட்டங்களில் மரம் போன்ற செடியில் பெரிய வெள்ளைக் குழல்கள் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டிருப்பார்கள். அது புருக்மான்சியா. ஊமத்தைப் பூ நிமிரும், இது தொங்கும், இதன் காயில் முள் இல்லை. நஞ்சு மட்டும் அதேதான். அப்பூவை ஊதுகுழல் போல் வாயில் வைத்து விளையாடிய பிள்ளைகளை நான் தடுத்ததுண்டு.

மிளகாயைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சிலி பாடிச் செடியின் பூவும் வெண்மையே, சிறியதே. ஆனால் நடுவில் மஞ்சள் கூம்பு இராது. மகரந்தப் பைகள் நீலம் பாரித்துத் தனித்தனியே நிற்கும். லெத்துப் லெத்துப் என்று மலாய்க்காரரும் சொடக்குத் தக்காளி என்று நாமும் சொல்லும் செடியின் பூ வெளிர்மஞ்சள். காய் காகித விளக்குப் போன்ற உறைக்குள் ஒளிந்திருக்கும். நெற்றியில் அடித்து வெடித்து விளையாடாத பிள்ளை உண்டோ!

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கைப்பேசியில் மணத்தக்காளியின் ஆங்கிலப் பெயரைத் தேடிய பெற்றோர் ஒருவர் அஞ்சி ஓடி வந்து, "ஐயா, இது கொல்லும் நஞ்சாமே!" என்றார். ஆங்கிலத்தில் நைட்ஷேட் என்னும் ஒரே சொல் மணத்தக்காளிக்கும் வழங்குகிறது. ஐரோப்பாவில் வளரும் அட்ரோப்பா பெல்லடோனா என்னும் கொடிய நச்சுச் செடிக்கும் வழங்குகிறது. அச்செடியின் பூ வெள்ளையன்று. மங்கிய ஊதா நிற மணி போன்றது. பழம் கருப்பே, ஆனால் கொத்தாகக் காய்க்காது. ஒவ்வொன்றாக, விரிந்த ஐந்து பெரிய பச்சைப் புல்லிகளின் மேல் தட்டில் வைத்தது போல் அமர்ந்திருக்கும். அது குளிர்நாட்டுச் செடி. நம் லயத்து வேலியில் முளைக்காது. அப்பெற்றோர் அச்சத்தில் நல்ல மணத்தக்காளிப் பாத்தியொன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

செடி சரியானதாக இருந்தும் இடம் தவறானால் கேடுண்டு. செம்பனைத் தூரைச் சுற்றிய வட்டத்திலும் பாதையோரத்திலும் களைக்கொல்லி அடிக்கின்றனர். பாராகுவாட் என்னும் கொடிய மருந்து 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. மருந்து பட்ட கீரை உடனே வாடிவிடுவதில்லை. இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். மருந்தடிக்கும் வேலை செய்யும் பெற்றோர்களே, எந்த நிரையில் எந்நாள் அடித்தீர்கள் என்பதை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள். கீரை வேண்டுமாயின் வீட்டு வாசலில் நான்கு மணத்தக்காளி நடுவது மேல். பழுத்த பழத்தை நசுக்கி மண்ணில் தூவினாலே முளைக்கும்.

எவரேனும் ஊமத்தையை உண்டுவிட்டதாக ஐயம் ஏற்பட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 999 என்னும் எண்ணை அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உண்ட செடியின் தண்டு, இலை, மீதக் கறி எதுவாயினும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. மருத்துவர்கள் அங்கே கலந்து கேட்க வசதியுண்டு. செடி கையிலிருந்தால் அவர்களுக்கு வேலை எளிது. அன்று அத்தாயார் எடுத்துச் சென்ற பைதான் மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தியது.

இப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தபின், மணத்தக்காளி, சுண்டை, ஊமத்தை ஆகிய மூன்றின் இலை, பூ, காய் ஆகியவற்றை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, அறிவியல் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துள்ளேன். ஊமத்தைக்கு மட்டும் இளங்கன்றின் இலையையும் தனியே ஒட்டியுள்ளேன். அலமாரி பூட்டியிருக்கும், சாவி என்னிடம் உள்ளது. மாணவர்கள் ஓய்வு நேரத்திலும், பெற்றோர்கள் வேலை முடிந்து மாலை நான்கு மணிக்கு மேலும் வந்து பார்க்கலாம். வீட்டருகே முளைத்த செடி எதுவென்று தெரியாதவர்கள் ஒரு கிளையை ஒடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.